விதைத்த விரலும் விதைக்கிற மிஷினும்

வத்தலக்குண்டு என்றதும் படித்தவர்களுக்கு இலக்கியம் நினைவுக்கு வரும். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமய்யர் பிறந்த ஊர். 1884இல் சுப்பிரமணிய சிவா பிறந்த ஊர். பி.எஸ். ராமையாவின் ஊர். 'எழுத்து' நடத்திய சி.சு. செல்லப்பா வளர்ந்த ஊர். தமிழ் நாவல், சிறுகதை, விமர்சனம் மூன்றின் வரலாற்றையும் இந்த ஊரைத் தொடாமல் எழுத முடியாது. ஆனால் இதே ஊரைச் சுற்றிக் கிடக்கிற காடுகரைகளில் யார் விதை போட்டார்கள், எதைக்கொண்டு போட்டார்கள், அந்தக் கருவி யாருது என்று கேட்டுப் பாருங்கள். அந்த இலக்கிய வரலாற்றுக்குள் பதில் கிடைக்காது. பதிலைத் தேட வேறு இடத்துக்குப் போக வேண்டும். மாட்டுக் கொட்டகைக்கு, பட்டறைக்கு, காலனித் தெருவுக்கு.

மக்காச்சோளத்துக்கு மூன்று பட்டம் உண்டு. ஆடி, புரட்டாசி, தை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறவர் ஆடியிலும் தையிலும் போடுவார். மானாவாரிக்காரர் புரட்டாசியில் வானத்தைப் பார்த்துப் போடுவார். பட்டம் நெருங்குகிறபோது கொட்டகை ஓரத்தில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கிற பழைய விதை மிஷின் வெளியே வரும். டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற கொழுக் கலப்பை. அதன் மேலே நீளமாக விதைப்பெட்டி. பெட்டியிலிருந்து ஒவ்வொரு கொழுவுக்குப் பின்னாலும் இறங்குகிற குழாய்கள். பக்கத்தில் தரையில் உருளுகிற ஒரு சக்கரம். சக்கரம் சுற்றினால் சங்கிலி இழுக்கும். சங்கிலி இழுத்தால் பெட்டிக்குள் இருக்கிற விதைத்தட்டு சுற்றும். தட்டில் உள்ள ஒவ்வொரு குழியும் ஒரு விதையை அள்ளிக்கொண்டு போய்க் குழாயில் விடும். மிஷினின் அறிவு அம்புட்டுதான்.

இதைத் தயார் செய்வது லேசான வேலை இல்லை. போன பட்டத்தில் மிச்சமான விதை பெட்டியின் மூலையில் மருந்தோடு சேர்ந்து இறுகிக் கிடக்கும். அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும். கம்பி விட்டுக் குத்த வேண்டும். வெயிலில் வெடித்த குழாயை மாற்ற வேண்டும். சங்கிலியில் துருவைத் தேய்த்து எண்ணெய் போட வேண்டும். விதைத்தட்டின் குழி தேய்ந்து அகலமாகிப் போயிருந்தால் ஒரு விதைக்கு இரண்டு விதை விழும். விதைக்குப் பொருந்தாத சின்னக் குழியாக இருந்தால் விதை நசுங்கும். தேய்ந்த கொழுவைப் பட்டறைக்குக் கொண்டுபோய் முனை கட்டி வர வேண்டும். மக்காச்சோளத்துக்கு எல்லாக் கொழுவும் வேண்டாம். வரிசைக்கு வரிசை இரண்டடி வருகிற மாதிரி சிலதைக் கழற்றி, மிச்சத்தை நகர்த்தி முடுக்க வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு சோதனை. மிஷினைத் தூக்கிக் கல்லில் நிறுத்தி, பெட்டியில் விதை போட்டு, குழாய்க்குக் கீழே சாக்கை விரித்து, சக்கரத்தைக் கையால் பத்துச் சுற்றுச் சுற்றுவார்கள். சக்கரத்தின் சுற்றளவு ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பத்துச் சுற்றுக்குப் பதினைந்து மீட்டர். செடிக்குச் செடி 25 சென்டிமீட்டர் வேண்டுமானால் ஒவ்வொரு குழாயிலிருந்தும் 60 விதை விழுந்திருக்க வேண்டும். ஒரு குழாயில் 48தான் விழுந்திருக்கிறது என்றால் மறுபடியும் பெட்டியைத் திறக்க வேண்டும். பிறகு காட்டில் நாலு எட்டு ஓட்டி, மண்ணைக் கிளறி, விதை நாலு சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சாக்கில் விழுந்த விதையைக் குத்தவைத்து எண்ணுகிறவர் யார்? நான் பார்த்த அளவில், டிராக்டர் ஓட்டுகிற பையனும், வெல்டிங் வைக்கிற பையனும், மிஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டு குழாய் அடைக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போகிற ஆளும் பெரும்பாலும் காலனியிலிருந்து வருகிறவர்கள். டிராக்டரின் ஆர்.சி. புத்தகமும் காட்டின் பட்டாவும் வேறு ஆள் பெயரில் இருக்கும். கருவியைப் பற்றிய அறிவு ஒரு தெருவிலும் கருவியின் உரிமை வேறொரு தெருவிலும் இருப்பது இந்த மிஷினோடு வந்த வழக்கம் இல்லை. மிஷினுக்கு முன்னாலும் அப்படித்தான் இருந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

மரக்கலப்பைக் காலத்தில் கருவியைத் தயார் செய்வது என்பது ஊரையே சாதி வரிசையில் நிறுத்துகிற காரியம். ஏர்க்காலும் மேழியும் நுகத்தடியும் ஆசாரி செதுக்கியது. கொழுவைக் காய்ச்சி அடித்து முனை கட்டியது கொல்லர். பூட்டாங்கயிறு, கத்தாழையை ஊறப்போட்டு நார் எடுத்துத் திரித்தது. மாட்டைக் கட்டுகிற வாரும், சாட்டை வாரும், கமலைக்கு வேண்டிய தோல் வாலும் அருந்ததியர் தெருவிலிருந்து வரும். செத்த மாட்டைத் தூக்கி, உரித்து, சுண்ணாம்பில் போட்டு, ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதப்படுத்திய தோல் அது. அந்த நாற்றத்தைச் சொல்லித்தான் அந்தத் தெருவை ஒதுக்கினார்கள். அந்தத் தோல் இல்லாமல் கிணற்றிலிருந்து ஒரு சால் தண்ணீர் மேலே ஏறியிருக்காது. நாறியது வார் இல்லை, தெருதான் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

அறுவடைக் களத்தில் இந்தக் கைவேலைக்காரர்களுக்கு ஊர்வழக்கப்படி தானியம் அளந்து விடுவார்கள். பழைய நில ஆவணங்களில் இந்தப் பங்குக்கு ஒரு பெயர் இருக்கிறது: 'சுதந்திரம்'. களத்துமேட்டில் கையேந்தி வாங்குகிற மரக்கால் தானியத்துக்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்த சமூகம் இது. யார் முதலில் வாங்குவது, யார் கடைசியில் வாங்குவது, யாருக்குப் பொலியின் நல்ல தானியம், யாருக்கு அடித்தட்டில் மண்ணோடு கிடக்கிற தானியம் என்பதிலெல்லாம் சாதி துல்லியமாக அளந்து போட்டிருந்தது. விதைத்தட்டின் குழியைவிடத் துல்லியம்.

சித்திரையில் நல்லேர் பூட்டுவார்கள். கலப்பையைக் கழுவி, மஞ்சள் பூசி, மாட்டுக்குப் பொட்டு வைத்து, காட்டுக்காரர் மேழியைத் தொட்டு நாலு சால் ஓட்டிக் கும்பிடுவார். மிச்ச வருஷம் முழுக்க அந்த மேழியைப் பிடித்தவன் பண்ணையாள். ஒரு நாள் தொட்டவருக்குச் சம்சாரி என்று பெயர். வருஷமெல்லாம் பிடித்தவனுக்குக் கூலியாள் என்று பெயர். தென்மாவட்டங்களில் சம்சாரி என்றால் விவசாயி என்று அர்த்தம். குடும்பஸ்தன் என்றும் அர்த்தம். நிலம் இல்லாதவனுக்கு இரண்டு அர்த்தமும் இல்லாமல் போயிற்று. சர்க்கார் கணக்கும் இதையே வேறு சொல்லில் எழுதியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'பயிரிடுவோர்' ஒரு கட்டம், 'விவசாயத் தொழிலாளர்' வேறொரு கட்டம். பயிரை இட்ட கை இரண்டாவது கட்டத்தில் இருக்கும்.

சாயந்திரம் ஏர் அவிழ்த்ததும் கலப்பையைக் காட்டுக்காரர் தொழுவத்தில் சாத்திவிட்டு வெறுங்கையோடு தெருவுக்கு வர வேண்டும். கலப்பை ராத்திரி யார் வாசலில் கிடக்கிறதோ அவர்தான் விவசாயி. இந்தச் சின்ன விஷயத்தில் பெரிய அரசியல் இருக்கிறது.

இனி விரலுக்கு வருவோம். மிஷினில் இருக்கிற விதைத்தட்டின் வேலையை அந்தக் காலத்தில் செய்தது ஒரு பெண்ணின் விரல். சால் விதைப்பில் முன்னால் ஒருவர் ஏர் ஓட்டுவார். பின்னால் ஒரு பெண் மடியில் விதையைக் கட்டிக்கொண்டு கட்டைவிரலாலும் மற்ற இரண்டு விரலாலும் விதையை உருட்டிச் சாலில் விட்டுக்கொண்டே நடப்பார். அடுத்த சால் ஓடும்போது புரளுகிற மண் முந்திய சாலை மூடும். மாட்டின் வேகம்தான் அவர் வேகம். மாடு நின்றால்தான் அவர் நிற்கலாம். இடைவெளி கூடினால் நிலம் வீண், குறைந்தால் விதை வீண். இரண்டுக்கும் ஏச்சு அவருக்குத்தான். பார் பிடித்த நிலமென்றால் கை ஊன்றல். குனிந்து, குத்தி, விதை போட்டு, மண்ணைத் தள்ளி, ஒரு எட்டு வைத்து மறுபடியும் குனிய வேண்டும்.

வேளாண் பல்கலைக்கழகம் வீரிய மக்காச்சோளத்துக்குச் சொல்லுகிற இடைவெளி வரிசைக்கு 60 சென்டிமீட்டர், செடிக்கு 25 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் ஒரு ஹெக்டேருக்கு 66,000க்கு மேல். ஒரு ஏக்கருக்கு ஏறத்தாழ 27,000 குழி. ஒரு ஏக்கர் விதைப்பு என்பது பெண்களின் கை 27,000 தடவை மண்ணைத் தொடுவது. விவசாயப் புத்தகங்களில் விதையளவு இருக்கும், உர அளவு இருக்கும், இந்த எண்ணிக்கை இருக்காது. இதை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

அந்தக் கைக்கு ராசி பார்த்தார்கள். இன்னார் கை வைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும் என்று தேடி வந்து கூப்பிட்டார்கள். அதே கை தாகத்துக்கு ஏந்தியபோது சொம்பைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீரை ஊற்றினார்கள். மண்ணுக்குள் போகிற விதையைத் தொடலாம். விதை முளைத்து, விளைந்து, அடித்து, குதிருக்குள் போன பிறகு அந்தக் குதிரைத் தொடக் கூடாது. ஏர் ஓட்டிய ஆணுக்கு ஒரு கூலி, பின்னால் விதை விட்ட பெண்ணுக்கு அதற்குக் குறைந்த கூலி. 1976இல் சம ஊதியச் சட்டம் வந்தது. காட்டு வரப்பு வரைக்கும் அது நடந்து வரவில்லை.

விதைப்புக் கருவிக்கு ஏற்கனவே எழுதப்பட்ட வரலாறு ஒன்று இருக்கிறது. அதில் நம் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஐரோப்பியப் பாடப்புத்தகங்கள் 1701இல் இங்கிலாந்தின் ஜெத்ரோ டல் விதைப்புக் கருவியைச் செய்ததிலிருந்து கதையைத் தொடங்கும். ஆனால் ஒற்றைக் குழாய் வைத்த விதைக் கலப்பை பழைய மெசபட்டோமியாவில் இருந்தது. பல குழாய் வைத்தது ஹான் அரசர்கள் காலத்துச் சீனாவில் இருந்தது. தென்னிந்தியாவில் இருந்ததற்கும் வெள்ளைக்காரரே சாட்சி. ஹால்காட் என்ற காப்டன் 1790களில் இங்கிருந்து லண்டன் வேளாண்மை வாரியத்துக்குக் கடிதம் எழுதினார். விதைக் கலப்பை ஐரோப்பாவின் புதுக் கண்டுபிடிப்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தாராம். ஒரு நாள் குதிரையில் போகும்போது வயலில் அது ஓடுவதைப் பார்த்து விசாரித்திருக்கிறார். நினைவுக்கு எட்டாத காலமாக இங்கே அது புழக்கத்தில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கடிதங்கள் 1797இல் அச்சாயின.

1971இல் தரம்பால் பதினெட்டாம் நூற்றாண்டு இந்திய அறிவியல் பற்றிய தன் தொகுப்பில் இந்தக் கடிதங்களைத் திரும்ப வெளியிட்டார். அதற்குப் பிறகு விதைக் கலப்பை நம் நாட்டின் பழம்பெருமை ஆகிவிட்டது. வெள்ளைக்காரனுக்கு முன்பே நம்மிடம் இருந்தது என்கிறார்கள். இருந்தது, மறுக்கவில்லை. 'நம்மிடம்' என்றால் யாரிடம்? கேள்வி இதுதான். கருவியைப் பெருமையோடு காட்டுகிறவர்கள் கருவிக்குப் பின்னால் நடந்தவரின் காலைக் காட்டுவதில்லை.

காலக்கணக்கைப் பாருங்கள். திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல் சீமை கும்பெனியாரிடம் போனது 1792இல். அதற்கு ஐந்து வருஷம் கழித்து லண்டனில் ஹால்காட் கடிதம் அச்சாகிறது. அந்தக் காலத் தமிழ்நாட்டில் நிலத்தோடு சேர்த்து ஆளையும் விற்றார்கள், அடகு வைத்தார்கள். கும்பெனி அதிகாரிகளின் காகிதங்களிலேயே இது பதிவாகியிருக்கிறது. அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்கக் கூடாது என்ற சட்டம் 1843இல்தான் வந்தது. ஆளை அடிமையாக வைத்திருப்பது குற்றம் ஆனது அதற்கும் பிறகு, 1862இல் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது. ஆக, பெருமைக்குரிய அந்தக் கருவி புழங்கிய நாட்டில், கலப்பையும் சொத்து, மாடும் சொத்து, பிடித்தவனும் சொத்து. சொத்துக்கு அறிவு இருக்கிறது என்று எந்தச் சொத்துக்காரன் ஒப்புக்கொள்வான்?

இதே கேள்வியைக் கடலுக்கு அந்தப் பக்கம் சட்டமாகவே எழுதி வைத்திருந்தார்கள். மக்காச்சோளம் பிறந்த கண்டம் அமெரிக்கா. அங்கே மேரிலாந்து மாநிலத்தில் ஹென்றி பிளேர் என்ற கறுப்பர் மக்காச்சோளம் விதைக்கிற கருவி ஒன்றைச் செய்தார். தள்ளுவண்டி மாதிரி இருக்கும். நடுவில் விதைப்பெட்டி, பின்னால் மண்ணை இழுத்து மூடுகிற பற்கள். 1834 அக்டோபர் 14இல் அதற்கு அவர் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற கறுப்பர்களில் இரண்டாவது ஆளாக அவரைச் சொல்கிறார்கள். காப்புரிமைப் பதிவேட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் 'நிறத்தவர்' என்று எழுதினார்கள். அவர் கையெழுத்துப் போட்ட இடத்தில் ஒரு பெருக்கல் குறிதான் இருக்கிறது. எழுதத் தெரியாத கை, விதைக்கிற மிஷினைச் செய்த கை. 1836இல் பருத்தி விதைக்கிற கருவிக்கும் அவர் காப்புரிமை வாங்கினார்.

பிளேர் அடிமையாக இருக்கவில்லை என்று கருதப்படுகிறது. அதனால்தான் அவருக்கு அது கிடைத்தது. மிசிசிப்பியில் நெட் என்ற அடிமை பருத்திக்காட்டுக் கருவி ஒன்றைச் செய்தார். அவருடைய எஜமான் ஸ்டூவர்ட் அதற்குக் காப்புரிமை கேட்டார். 1858இல் அமெரிக்க அரசின் தலைமை வழக்கறிஞர் தீர்ப்புச் சொன்னார். அடிமை குடிமகன் இல்லை, அதனால் அவனுக்குக் காப்புரிமை கிடையாது. எஜமான் அதைக் கண்டுபிடிக்கவில்லை, அதனால் அவனுக்கும் கிடையாது. நெட் செய்தது யாருடையதும் இல்லை என்றானது. 1861இல் தென்மாநிலங்கள் பிரிந்து தனி அரசு அமைத்தபோது, அடிமையின் கண்டுபிடிப்பை எஜமான் பெயரில் பதியலாம் என்று சட்டம் போட்டுக்கொண்டார்கள்.

1972இல் மும்பையில் தலித் பேந்தர்கள் கறுப்பர் இயக்கத்திலிருந்து பெயரை எடுத்துக்கொண்டது வெறும் கவர்ச்சிக்காக இல்லை என்பது இந்த இடத்தில் புரியும். அமெரிக்காவில் நெட்டின் அறிவைச் சட்டம் போட்டு மறுத்தார்கள். இங்கே சட்டம்கூடத் தேவைப்படவில்லை. சாதியே பதிவேடாக இருந்தது. அதில் நம் பெயருக்கு எதிரே ஒரே ஒரு வேலை எழுதியிருந்தது: கும்பிட்டுக்கொண்டு உழைப்பது.

கருவி யாருது என்ற கேள்வியைப் பொருளாதாரமாக முதலில் போட்டவர்களில் அம்பேத்கர் ஒருவர். 1918இல், இளம் வயதிலேயே, இந்தியாவின் சிறு நிலங்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். துண்டு நிலங்களை ஒன்று சேர்த்துப் பெரிசாக்கினால் விவசாயம் உருப்பட்டுவிடும் என்று அப்போது எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நிலம் சின்னதா பெரிசா என்பதை அதன் மேல் போடுகிற மூலதனத்தை, மாட்டை, கருவியை வைத்துத்தான் சொல்ல முடியும் என்றார் அவர். கருவி இல்லாதவனுக்கு நிலத்தைப் பெரிசாக்கிக் கொடுத்து என்ன செய்வது?

1945இல் காங்கிரசையும் காந்தியையும் விமர்சித்து எழுதிய நூலில் மிஷினைப் பற்றிப் பேசினார். மனிதன் மாடு மாதிரி உழைப்பதிலிருந்து மீண்டு, ஓய்வும் படிப்பும் பண்பாடும் அடைய வேண்டுமானால் இயந்திரம் வேண்டும். இயந்திரத்தால் வந்த கேடுகளுக்குக் காரணம் அதைத் தனிச்சொத்தாக வைத்திருக்கிற சமூக அமைப்பு என்பது அவர் வாதம். 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற திட்டத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார். நிலம் அரசுடைமை. ஊராரின் கூட்டுப்பண்ணை. நிலப்பிரபுவும் இல்லை, குத்தகைக்காரனும் இல்லை, நிலமற்ற கூலியும் இல்லை. அந்தப் பண்ணைக்குத் தண்ணீர், உழவு மாடு, கருவி, எரு, விதை எல்லாம் அரசு கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதினார். அரசமைப்பில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்த திட்டத்தில் கலப்பைக்கும் விதைக்கும் இடம் கேட்ட ஒரே ஆள் இவராகத்தான் இருப்பார். அதை யாரும் ஏற்கவில்லை.

ஏற்காததன் பலனை நம் நிலங்களின் கதையில் பார்க்கலாம். செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு, 1892இல் பஞ்சமி நிலம் வழங்க அரசாணை வந்தது. மாகாணம் முழுக்க ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. அதில் பெரும்பகுதி இன்று நம் கையில் இல்லை. மோசடி, மிரட்டல், கடன் என்று காரணம் பல. அந்தக் கடனுக்குள் போய்ப் பாருங்கள். உழுவதற்கு மாடு இல்லை, கலப்பை இல்லை, விதை இல்லை. எல்லாம் காட்டுக்காரரிடம்தான் வாங்க வேண்டும். வாங்கிய கலப்பைக்கு ஈடாக ஆள் போய் உழைக்க வேண்டும். தன் நிலம் கடைசியில்தான் உழப்படும், அதற்குள் ஈரம் காய்ந்துவிடும். ஈரம் காய்ந்த நிலம் விளையாது. விளையாத நிலம் கைமாறும். 1994இல் காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் போராடியபோது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர்விட்டார்கள். நிலத்துக்காக உயிரையே கொடுத்த மக்கள், கருவி இல்லாமல் நிலத்தை இழந்த மக்களும்தான்.

பூமிதானக் கதையும் இதுதான். 1951இல் வினோபா தொடங்கிய அந்த இயக்கத்தில் மதுரைச் சீமையில் முன்நின்று உழைத்தவர்களில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் ஒருவர். வத்தலக்குண்டுக்குப் பக்கத்து அய்யன்கோட்டையில் 1926இல் தலித் குடும்பத்தில் பிறந்தவர். கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25இல் கூலி கேட்ட பாவத்துக்கு 44 பேரைக் கொளுத்திய பிறகு அங்கே போய்த் தங்கி, 1981இல் உழுபவரின் நில உரிமை இயக்கத்தைத் தன் கணவரோடு சேர்ந்து தொடங்கினார். தானமாக வந்த பூமியில் பெரும்பகுதி கரடும் கல்லும். நிலம் கிடைத்தவர்களிடம் அதைத் திருத்த ஒன்றும் இல்லை. அந்த நிலங்களைப் பயிருக்குக் கொண்டுவருவதற்கென்றே 1960களின் கடைசியில் சர்வசேவா பண்ணைகள் சங்கம் தனியாக உருவாக வேண்டியிருந்தது. நிலம் கொடுத்துக் கருவி கொடுக்காதது பாதி தானம்கூட இல்லை.

இப்போது மக்காச்சோளத்துக்குத் திரும்புவோம். 1957இல் அகில இந்திய மக்காச்சோள ஆராய்ச்சித் திட்டம் தொடங்கி, 1961இல் முதல் வீரிய ரகங்கள் வெளிவந்தன. பிறகு கோழிப்பண்ணைகள் பெருகின. பல்லடம், உடுமலை, நாமக்கல் கோழிக்குத் தீவனம் வேண்டும். திண்டுக்கல் மாவட்டத்துச் சோளக்காடும் கம்பங்காடும் கொஞ்சம் கொஞ்சமாக மக்காச்சோளக்காடு ஆயின. நம் பெண்கள் கதிர் பார்த்து விதை எடுத்து, அடுப்புப் புகையில் கட்டித் தொங்கவிட்டுக் காத்தார்களே, அந்த வேலை போனது. வீரிய விதையை ஒவ்வொரு பட்டத்துக்கும் காசு கொடுத்து வாங்க வேண்டும். அப்புறம் விதை மிஷின் வந்து 27,000 குழியையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டது. ஊன்றலுக்குப் போன பெண்களின் கூலிநாள் டிராக்டர் வாடகையாக மாறி வேறு பைக்குப் போயிற்று.

இதைச் சொன்னதும், 'அப்ப மிஷின் வேண்டாங்கிறியா, மறுபடி குனியச் சொல்றியா' என்று கேட்பார்கள். யாரும் குனிய வேண்டாம். இடுப்பு ஒடிய ஊன்றிய வேலையில் பெருமை பேசுவதற்கு ஒன்றும் இல்லை. அதைப் பாரம்பரியம் என்று படம் பிடித்துக் காட்டுகிறவர்கள் ஒரு நாள் குனிந்து பார்க்கட்டும். செத்த மாட்டை உரித்துத்தான் வார் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் போனது நல்லது. கமலை போய் மோட்டார் வந்தது நல்லது. குனிவு போனபோது கூலியும் சேர்ந்து போனதே, அது ஏன்? மிஷின் நம் முதுகை நிமிர்த்தியது. ஆனால் நிமிர்ந்த முதுகுக்கு வேலை இல்லை. மிஷின் நம் பெயரில் இருந்திருந்தால் அந்த மிச்சமான நேரம் நம்முடையதாக இருந்திருக்கும். இல்லாததால் அது வேலையில்லாத நாளாக வந்து நிற்கிறது. அம்பேத்கர் 1945இல் சொன்னது இதுதான்.

மிஷினோடு மிஞ்சியிருக்கிற வேலையிலும் ஆபத்து நம் பக்கம்தான். 2018இல் படைப்புழு வந்த பிறகு பூச்சிமருந்து தடவிய விதைதான் விதைக்கச் சொல்கிறார்கள். கலர் பூசின மாதிரி இருக்கும். அதை வெறுங்கையால் பெட்டியில் கொட்டி, வெறுங்கையால் கிளறி, அடைத்த குழாயை வாயால் ஊதுகிறவர்கள் யார்? ஒரு ஜோடிக் கையுறையும் ஒரு சோப்புக்கட்டியும் டிராக்டர் டீசலைவிட விலை கூடியதா?

மானியத்தையும் பார்த்துவிடுவோம். 2014-15இல் வந்த வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பொது விவசாயிக்கு 40 சதவீதம் மானியம் என்றால், பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் சிறு குறு விவசாயிகளுக்கும் 50 சதவீதம். காகிதத்தில் நியாயம்தான். ஆனால் மானியம் கேட்கிற இடத்தில் முதலில் கேட்பது பட்டா, சிட்டா. தமிழ்நாட்டு மக்களில் 20 சதவீதம் பட்டியல் சாதியினர் என்கிறது 2011 கணக்கெடுப்பு. அதில் நிலப்பட்டா வைத்திருக்கிறவர் எத்தனை பேர் என்று வாசிக்கிறவர்கள் தங்கள் காலனியை ஒரு சுற்றுச் சுற்றி எண்ணிப் பார்க்கலாம். நிலம் இல்லாதவருக்குக் கருவி மானியம் இல்லை. கருவி இல்லாதவருக்கு நிலம் நிற்காது. இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில்தான் நம்மைச் சுற்றி ஓடவிடுகிறார்கள்.

இந்தச் சுற்றை அறுக்க வழி இருக்கிறது. மிஷினைத் தயார் செய்யத் தெரிந்தவர் யார் என்று மேலே பார்த்தோம். தட்டின் குழி தேய்ந்ததைக் கண்ணால் பார்த்தே சொல்லுகிற ஓட்டுநர், குழாயில் விதை விழுகிற சத்தத்தை வைத்தே அடைப்பைக் கண்டுபிடிக்கிற ஆள், எந்தக் காட்டில் ஈரம் நிற்கும் என்று தெரிந்த பெண்கள், எல்லோரும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். இவர்கள் சேர்ந்து ஒரு குழுவாக, நிலப்பட்டா கேட்காமல், உழைப்புத் திறமையை அடிப்படையாக வைத்து, கருவியை வாங்கி வாடகைக்கு ஓட்டுகிற உரிமையைக் கேட்க வேண்டும். ஊன்றல் வேலை இழந்த பெண்கள் பெயர் அந்தக் குழுவின் முதல் வரியில் இருக்க வேண்டும். பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்கிற ஒவ்வொரு மனுவிலும் நிலத்தோடு கருவியும் தண்ணீரும் விதையும் என்று எழுத வேண்டும். 1947இல் அந்த வரிசையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள், நாம் பார்த்து எழுதினால் போதும்.

வரலாறு எழுதுகிற மாணவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. ஹால்காட் கடிதத்தைத் தேடிப் போகிறவர்கள் தங்கள் அப்பத்தாவிடமும் அம்மாச்சியிடமும் போய்க் கேளுங்கள். எத்தனை விரலால் விதை விட்டாய், எட்டுக்கு எத்தனை விதை, யார் காட்டில், என்ன கூலி, அளந்தது யார், தண்ணீர் எப்படிக் கொடுத்தார்கள்? சொல்லச் சொல்ல அந்தப் பேச்சிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஹென்றி பிளேருக்குப் பெருக்கல் குறியாவது ஒரு பதிவேட்டில் இருக்கிறது. நம் கிழவிகளுக்கு அதுவும் இல்லை. அவர்கள் பெயரை அவர்கள் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.